சூரியனுக்கு முன்னால் ஒரு ஃபில்டர்

போன மாதம் பிரவீணா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற இடத்துக்கு வந்திருக்கும் கண் மருத்துவ உதவியாளர் அவள்.

"அக்கா, காரியாபட்டிப் பக்கம் ஒரு ஸ்கூல்ல டெலஸ்கோப் வச்சு சூரியனைக் காட்டப் போறாகளாம். அதுல மாட்டுற ஃபில்டர் கண்ணுக்குக் கெடுதல் இல்லன்னு ஆஸ்பத்திரி பேர்ல ஒரு லெட்டர் கேக்குறாக. எழுதிக் குடுத்துரவா?"

"ஃபில்டரை நீ பாத்தியா?"

"போட்டோ அனுப்பிருக்காக. நல்லா கறுப்பாத்தான் இருக்கு."

எழுதாதே என்றேன். நேரில் போய்ப் பார், எந்த இடத்தில் மாட்டுகிறார்கள் என்று பார், அதன் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று படி, பிறகு பேசுவோம் என்றேன். "எதுக்குக்கா இவ்வளவு?" என்று கேட்டாள். போனில் பத்து நிமிடம் சொல்லியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் ஊர் மல்லாங்கிணறு. மதுரையில் இரண்டு வருடம் படித்துவிட்டு வேலைக்கு வந்தேன். முதலில் திருச்சுழிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையம், பிறகு அருப்புக்கோட்டையில் அரசு மருத்துவமனை. பவர்லூமில் கண் வைத்து வைத்துத் தலைவலி வந்தவர்கள், கண்ணில் வேலிக்கருவை முள் குத்தியவர்கள், கண்புரை முற்றிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வரப்பட்டவர்கள் என்று முப்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஊர்க்காரர்கள் என் பெயரைச் சொல்லமாட்டார்கள். 'கண்ணு டெஸ்ட் பண்ற அம்மா' என்பார்கள். அந்த வேலையை எனக்கு உண்மையில் கற்றுக் கொடுத்தவர் டாக்டர் கோமதி.

தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். குரல் உயரவே உயராது. நோயாளி வந்து உட்கார்ந்ததும் டார்ச்சை எடுக்கமாட்டார். "என்ன வேலை பார்க்கறீங்க? நேத்து என்ன பண்ணினீங்க? முந்தாநாள்?" என்று கேட்பார். பதில் வந்த பிறகு வேறு எதையோ பேசிவிட்டு, அதே கேள்வியை மறுபடி கேட்பார். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால்தான் எழுதுவார். இன்னொரு பழக்கம், 'ஒண்ணுமில்ல, சரியாப் போயிரும்' என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. தெரிந்ததைச் சொல்வார். தெரியாததைத் 'தெரியல' என்று சொல்வார்.

நான் அவரிடம் சேர்ந்த புதிதில் ஒரு சூரிய கிரகணம் வந்தது. எக்ஸ்ரே அறையிலிருந்து பழைய படங்களைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு நாங்கள் ஏழெட்டுப் பேர் மொட்டை மாடிக்குப் போய்விட்டோம். நான் படத்தைக் கண்ணுக்கு நேராகத் தூக்கும்போது டாக்டர் வந்து நின்றார். ஒவ்வொருவர் கையிலிருந்தும் துண்டுகளை வாங்கிக்கொண்டார். கீழே வந்த பிறகு என்னை மட்டும் கூப்பிட்டார்.

"இதுல வெளிச்சம் குறையுதுன்னு உன் கண்ணுக்குத் தெரியுது. சூடு எவ்வளவு உள்ள வருதுன்னு தெரியுமா?"

"தெரியல மேடம்."

"யாருக்கும் தெரியாது. உள்ளே இருக்கற விழித்திரைக்கு வலிக்கத் தெரியாது. அதை ஞாபகம் வச்சுக்கோ."

ஞாபகம் வைத்துக்கொண்டேன். ஆனால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்பராஜ் சார் வந்த அன்றுதான் விளங்கியது.

இன்பராஜ் சார் திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர். பள்ளியின் பெயர் வேண்டாம். நாற்பது வயதிருக்கும். அவர் மனைவி ஜெபாதான் அவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு வந்தார்.

"மூணு நாளா இவுகளுக்குச் சோத்துல கல்லு கெடந்தாத் தெரியல. பைபிளைப் படிக்கச் சொன்னா வரி விட்டு வரி தாவுறாக. கேட்டா ஒண்ணுமில்லங்கறாக."

நான் அவரை எழுத்துப் பலகைக்கு முன் உட்கார வைத்து ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். இடது கண் கடைசி வரிவரை சரளமாக வந்தது. வலது கண் இரண்டாவது வரியைத் தாண்டவில்லை. ஒரு சின்ன ஓட்டை உள்ள தட்டைக் கண் முன் வைத்து மறுபடி படிக்கச் சொன்னேன். கண்ணாடிப் பவரால் வந்த குறை என்றால் அந்த ஓட்டை வழியாகப் பார்க்கும்போது எழுத்து தெளியும். அவருக்குத் தெளியவில்லை. அடுத்துக் கட்டம் போட்ட தாளைக் கொடுத்தேன். வரைபடத்தாள் மாதிரி கோடுகள், நடுவில் ஒரு புள்ளி.

"வலது கண்ணால நடுப்புள்ளியைப் பாருங்க சார். கோடு எல்லாம் நேரா இருக்கா?"

அவர் வெகுநேரம் பார்த்தார். "புள்ளியே இல்லயே," என்றார்.

டாக்டர் வந்து உட்கார்ந்தார். வழக்கமான கேள்விகள். பள்ளிக்கூட ஆசிரியர், வேறொன்றும் செய்யவில்லை, வீட்டுக் கேட்டுக்கு வெல்டிங் நடந்தது, அதைக் கொஞ்சம் பார்த்திருப்பேன் என்றார் இன்பராஜ் சார்.

"அன்னிக்கு ராத்திரி கண்ணுல மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி வலிச்சுதா?"

"இல்ல மேடம்."

"தண்ணியாக் கொட்டுச்சா? வெளிச்சம் பார்க்க முடியாம இருந்துச்சா?"

"இல்ல."

வெல்டிங் வெளிச்சம் பட்டிருந்தால் அன்று இரவே அதெல்லாம் வந்திருக்கும். டாக்டர் கோடைக்காலத்தைப் பற்றியும் திருச்சுழியில் தண்ணீர் வருகிறதா என்றும் ஏதோ பேசினார். பிறகு, "வெல்டிங் என்னிக்கு நடந்தது?" என்றார்.

பதில் ஜெபாவிடமிருந்து வந்தது. "வெல்டிங் எங்க வீட்டுல நடக்கலியே மேடம். பக்கத்து வீட்டுல. அதுவும் போன மாசம்."

சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்ததும் இருட்டறையில் டாக்டர் பார்த்தார். எனக்கும் காட்டினார். விழித்திரையின் நடுவில், பார்வை கூர்மையாக விழும் இடத்தில், கடுகை விடச் சிறிதாக ஒரு மஞ்சள் புள்ளி. சுற்றிலும் எல்லாம் நன்றாக இருந்தது. அந்த ஒரு இடம் மட்டும் வெந்திருந்தது.

விளக்கைப் போட்டதும் டாக்டர் கேட்டார். "சூரியனை எதால பார்த்தீங்க சார்?"

அவர் ஜெபாவைப் பார்த்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். துபாயில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் பள்ளிக்கு ஒரு தொலைநோக்கி வாங்கி அனுப்பியிருந்தார். பெட்டிக்குள்ளேயே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி இருந்தது. கண் வைத்துப் பார்க்கும் பக்கத்து லென்சின் அடியில் திருகி மாட்டுவது. சூரியனுக்கானது என்று அதன் மேலேயே எழுதியிருந்தது. பெட்டியோடு வந்ததுதானே என்று நம்பிவிட்டார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராகக் காட்டினார். கடைசியாக, சூரியனில் இருக்கும் கரும்புள்ளிகளை நோட்டில் வரைவதற்காகத் தானே கண்ணை வைத்து நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டப்புன்னு ஒரு சத்தம் மேடம். ஒரே வெள்ளையா வந்துச்சு. கண்ணை எடுத்துட்டேன். கழட்டிப் பாத்தா கண்ணாடி குறுக்கால கீறி இருந்துச்சு. வலி ஒண்ணும் இல்ல. அதனால ஒண்ணும் ஆகலன்னு நெனச்சுட்டேன்."

தொலைநோக்கியின் வாய் வழியாக நுழையும் வெயில் முழுவதும் குவிந்து விழுகிற இடத்தில் அந்தச் சின்னக் கண்ணாடி இருக்கிறது. பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரிக்கிறோமே, அந்தச் சூட்டில் அதை வைத்த மாதிரி. தாங்கும்வரை தாங்கும். என்றைக்கு உடையும் என்று யாருக்கும் தெரியாது.

டாக்டர் பேனாவை எடுத்தார். இன்பராஜ் சார் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மேடம், சீட்டுல வெல்டிங்குன்னே எழுதிருங்களேன். ஹெச்.எம்.முக்குத் தெரிஞ்சா டெலஸ்கோப்பைத் தூக்கி உள்ள போட்டுருவாக. எனக்கு மெமோ வரும். என் கண்ணுதான போச்சு, போயிட்டுப் போகுது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்க சீட்டுல என்ன எழுதறதுங்கறது அப்புறம். எத்தனை பிள்ளைங்க பார்த்தாங்க?"

"முப்பத்தெட்டு."

"கண்ணாடி நீங்க பார்க்கும்போதுதான் கீறுச்சா? இல்ல அதுக்கு முன்னாடியே கொஞ்சம் கீறி இருந்துச்சா?"

அந்தக் கேள்வியைத்தான் அவர் மூன்று நாளாகத் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. மெல்லச் சொன்னார். "தெரியல மேடம். மறுநாள் கிளாசுல கேட்டேன், எல்லாருக்கும் போர்டு தெரியுதான்னு. தெரியுது சார்ன்னு ஒரே சத்தமாச் சொன்னாக."

"பிள்ளைங்க அப்படித்தான் சொல்லுவாங்க," என்றார் டாக்டர். "ரெண்டு கண்ணையும் திறந்து வச்சிருந்தா பொடி எழுத்துதான் தடுமாறும், போர்டு உங்களுக்குக்கூடத் தெரியும்."

அதற்கு மேல் இன்பராஜ் சார் கெஞ்சவில்லை. அவரே பள்ளிக்குப் போன் போட்டு, நடந்ததைத் தலைமை ஆசிரியரிடம் சொன்னார். சீட்டில் நடந்தது நடந்தபடி எழுதப்பட்டது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நான் போனேன். பையில் எழுத்துப் பலகை, முப்பத்தெட்டுக் கட்டத்தாள், ஓட்டைத் தட்டு. பள்ளியில் விஷயம் பரவியிருந்தது. கேட்டருகே பெற்றவர்கள் நின்றார்கள். ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் புள்ளைக்கு மொதல்ல பாருங்கம்மா," என்றார். எல்லோருக்கும் பார்ப்பேன் என்றுதான் சொல்ல முடிந்தது. 'ஒண்ணும் இருக்காது' என்று சொல்ல நாக்கு வரை வந்தது. டாக்டர் கோமதியிடம் இத்தனை வருடம் இருந்துவிட்டு அதைச் சொல்ல முடியவில்லை.

ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடமாவது ஆகும். ஒரு கண்ணை மூடி எழுத்து, பிறகு கட்டத்தாள், பிறகு மறு கண். இன்பராஜ் சார் வகுப்புக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டார். ஒவ்வொரு பிள்ளை வெளியே வரும்போதும் என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையசைப்பேன்.

இருபத்தாறு பேர் சரியாக இருந்தார்கள். இருபத்தேழாவது மகாலட்சுமி. ஒல்லியாக, இரட்டைச் சடையோடு இருந்தாள். இடது கண் நன்றாக வந்தது. வலது கண்ணை மட்டும் திறக்கச் சொன்னபோது மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டாள். கட்டத்தாளைக் கொடுத்தேன்.

"நடுப்புள்ளி தெரியுதாம்மா?"

"கலங்கலா இருக்கு மிஸ். கோடு சேந்து சேந்து தெரியுது."

எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்றேன். தெரியாது என்றாள். ஒரு கண்ணை மூடி இதுவரை பார்த்ததே இல்லை என்றாள். சன்னல் வழியாக இன்பராஜ் சார் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையசைக்கவில்லை. அவர் வாசலுக்கு வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஓட்டைத் தட்டை எடுத்து அவள் வலது கண் முன் வைத்தேன். அன்றுவரை ஆயிரம் பேருக்காவது அதை வைத்திருப்பேன். அன்றைக்கு மாதிரி நான் பயந்தது கிடையாது.

"இப்பப் படிம்மா."

அவள் முதல் வரியைப் படித்தாள். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது வரியில் ஒரு எழுத்துக்குத் தயங்கி அதையும் சொன்னாள். ஐந்தாவது வரிக்குப் போனாள்.

"இப்ப நல்லாத் தெரியுது மிஸ்."

"சார், இது பவரு," என்றேன் வாசலைப் பார்த்து. "சூரியனால வந்தது இல்ல. கண்ணாடி போட்டா சரியாயிரும். இந்தப் புள்ளைக்கு ரொம்ப நாளாவே இருந்திருக்கு."

அவர் நின்ற இடத்திலேயே படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிள்ளைகள் அவரை அப்படிப் பார்த்ததில்லை. மகாலட்சுமிதான் போய்த் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள்.

மீதிப் பதினொரு பேரும் சரியாக இருந்தார்கள். இருந்தாலும் டாக்டர் விடவில்லை. ஒரு வாரம் கழித்து என்னை மறுபடி அனுப்பி முப்பத்தெட்டுப் பேரையும் பார்க்கச் சொன்னார்.

மெமோ வந்தது. தொலைநோக்கியைத் துணியால் சுற்றி ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டினார்கள். இன்பராஜ் சாரை மதுரைக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்ததில் டாக்டர் சொன்னதையே அங்கேயும் சொன்னார்கள். மருந்து எதுவும் இல்லை, காலம்தான். ஆறு மாதத்தில் வலது கண் பாதிக்கு மேல் மீண்டது. ஆனால் நடுவில் ஒரு சின்னப் புள்ளி நின்றுவிட்டது. எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அந்த எழுத்தின் மேலேயே அது உட்காரும் என்றார். ஒவ்வொரு முறை பரிசோதனைக்கு வரும்போதும் தொலைநோக்கியைப் பற்றிப் பேசுவார். நான் பேச்சை மாற்றுவேன்.

இரண்டு வருடம் போனது. புதிய தலைமை ஆசிரியர் வந்தார். ஒரு கிரகணமும் வர இருந்தது. இன்பராஜ் சார் ஒரு கவரோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். முகம் பளிச்சென்று இருந்தது.

"மேடம், இந்தத் தடவை கண்ணுப் பக்கம் மாட்டுறது இல்ல. முன்னால, டெலஸ்கோப் வாயில மாட்டுறது. வெயில் உள்ள போறதுக்கு முன்னாடியே தடுத்துரும். எல்லாம் படிச்சுட்டுத்தான் வாங்கினேன்."

கவருக்குள் வெள்ளித்தாள் போல மெல்லிய படலம். முகம் தெரிந்தது. டாக்டர் அதைத் தொடவில்லை. உறையை என்னிடம் நீட்டினார்.

"படி."

என் பூதக்கண்ணாடியை வைத்துப் பொடி எழுத்துகளைப் படித்தேன். மூன்று புள்ளி எட்டு என்று ஒரு எண் இருந்தது. அதன் கீழே, படம் எடுப்பதற்கு மட்டும், கண்ணால் பார்க்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கண்ணால் பார்ப்பதற்கான படலத்தில் ஐந்து என்ற எண் இருக்கும், வெளிச்சத்தில் லட்சத்தில் ஒரு பங்குதான் உள்ளே விடும். இது அதைப் போல ஏறக்குறைய பதினாறு மடங்கு விடும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இன்பராஜ் சார் உறையை வாங்கிக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். இடது கண்ணை மூடி, திறந்து, வலது கண்ணை மூடிப் படித்தார்.

"கிரகணம் நாளான்னைக்கு மேடம். பெத்தவுக எல்லாரையும் வரச் சொல்லிட்டேன். ரெண்டு வருசம் கழிச்சு நம்பி வாராக." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். "ஒண்ணு செய்யறேன். மொதல்ல நான் இந்த வலது கண்ணுல பாத்துக்கிறேன். அது எப்படியும் கெட்டதுதான. கூசலன்னா பிள்ளைகளுக்குக் காட்டுறேன்."

டாக்டர் கோமதி குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

"கெட்டதுன்னு யார் சொன்னா? நடுவுல ஒரு புள்ளி போச்சு. மிச்சக் கண் முழுசா வேலை செய்யுது. அதையும் கொண்டுபோய் வைப்பீங்களா?" நோயாளிகள் திரும்பிப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "சார், கண்ணு சோதனை பண்ற கருவி இல்ல. பூச்சிமருந்தா இல்லையான்னு குடிச்சுப் பார்த்துச் சொல்வீங்களா? கூசலைன்னா பத்திரம்னு அர்த்தம் இல்ல. உங்களுக்கு அன்னிக்கு வலிச்சுதா?"

இன்பராஜ் சார் படலத்தை உறைக்குள் போட்டு எங்கள் மேசையிலேயே வைத்தார். "இது இங்கயே இருக்கட்டும் மேடம். எங்கிட்ட இருந்தா எனக்கே ஆசை வந்துரும்."

கிரகணத்தன்று யாரும் தொலைநோக்கியில் கண் வைக்கவில்லை. அதன் பின்னால் ஒரு முழ தூரத்தில் வெள்ளை அட்டையைப் பிடித்து, சூரியனை அதில் விழவைத்தார் இன்பராஜ் சார். சுற்றிலும் கயிறு கட்டி, கிட்டே யாரும் வந்துவிடாமல் நான் நின்றேன். தொலைநோக்கியின் மேல் குறி பார்க்க இருக்கும் சின்னக் குழாயிலும் யாரும் கண் வைத்துவிடக் கூடாதென்று அதைக் கழற்றி வைத்திருந்தார். உள்ளே சூடேறாமல் இருக்க அவ்வப்போது மூடியைப் போட்டார். அட்டையில் எலுமிச்சம்பழம் அளவு சூரியன், கடித்த அப்பளம் மாதிரி. இரண்டு வருடத்துக்கு முன் என் கையைப் பிடித்த அந்தத் தாயும் வந்திருந்தார். அட்டையைப் பார்த்துவிட்டு, இன்பராஜ் சாரைப் பார்த்து, "நல்லா இருக்கு சார்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சரியான படலம் வந்து சேர இரண்டு மாதம் ஆனது. அதற்குள் டாக்டர் கோமதி மாற்றலாகித் தன் ஊர்ப் பக்கம் போய்விட்டார். எனவே சார் என்னிடம் கொண்டுவந்தார். உறையில் ஐந்து என்று இருந்ததை நானும் படித்தேன், அவரும் படித்தார். எங்கள் இருட்டறையில் படலத்தின் பின்னால் பிரகாசமான டார்ச்சைப் பிடித்து அங்குலம் அங்குலமாகத் தேடினோம். ஊசி குத்தின மாதிரி ஓட்டையோ கீறலோ இருந்தால் நட்சத்திரம் மாதிரி மின்னும் என்றார். ஒன்றும் மின்னவில்லை. அட்டையில் வளையம் செய்து அதில் படலத்தை ஒட்டினார். தொலைநோக்கி வாயில் மாட்டி, நாலு பக்கமும் டேப் போட்டு, குழாயைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினார். விழவில்லை. எங்கள் ஊர்க் காற்றுக்கு அது போதுமா என்ற சந்தேகத்தில் இன்னொரு சுற்று டேப் போடச் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளி மைதானத்தில் பார்த்தோம். பழைய ஒன்பதாம் வகுப்பு அந்த ஜூனில்தான் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்திருந்தது. மகாலட்சுமி கண்ணாடி போட்டிருந்தாள். பென்சிலும் நோட்டும் அவள் கையில் இருந்தன. பார்க்கிற ஒவ்வொருவரும் கரும்புள்ளி எத்தனை என்று அவளிடம் சொல்லவேண்டும். நாலு, நாலு, மூணு, நாலு என்று வந்தது. நானும் பார்த்தேன். வெளிறிய ஒரு தட்டு, அதில் எறும்பு ஊர்ந்த மாதிரி நாலு புள்ளி. இத்தனை வருடம் அடுத்தவர் கண்ணையே பார்த்த எனக்கு அது போதுமானதாக இருந்தது.

கடைசியாக இன்பராஜ் சார் குனிந்தார். முதலில் இடது கண். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டுமா என்று கேட்பது போல இருந்தது. படலத்தின் டேப்பை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தேன். வலது கண்ணை வைத்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"எத்தனை சார்?" என்றாள் மகாலட்சுமி.

"அஞ்சு."

"எல்லாரும் நாலுன்னாக சார்."

அவர் மறுபடி குனிந்து பார்த்தார். தலையை லேசாக இப்படியும் அப்படியும் அசைத்தார். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு நான் பாக்குற பக்கமெல்லாம் கூடவே நகருது. அது என்னோடது. நீ நாலுன்னே எழுதும்மா."